டெக்சஸ் வாக்குச்சீட்டின் கீழ்ப்பாதி: கவுண்டிப் பதவிகளுக்கும் உள்ளூர் நீதிபதிகளுக்கும் வாக்களிக்க முழுமையான வழிகாட்டி

டெக்சஸில் கவுண்டி ஜட்ஜ், ஷெரிஃப், கான்ஸ்டபிள் (நீதிமன்ற ஆணைகளை நிறைவேற்றும் காவல் அதிகாரி), மாவட்ட நீதிமன்ற நீதிபதி, ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் (சுருக்கமாக ஜே.பி., சிறு வழக்குகளின் நீதிபதி) எல்லாருமே கட்சிப் பெயரோடு தேர்தலில் நின்று ஜெயித்து வருகிறவர்கள். ஹூஸ்டன், டாலஸ், ஆஸ்டின் பக்கம் புதிதாகக் குடியுரிமை பெற்ற நம்மவர்கள் ஆளுநர், செனட்டர் வரை மளமளவென்று வாக்களித்துவிடுகிறார்கள். அதற்குக் கீழே வரும் நீண்ட பட்டியலில்தான் கை நின்றுவிடுகிறது. சிலர் குத்துமதிப்பாகத் தொடுகிறார்கள், சிலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

வீட்டு வரியில் கவுண்டியின் பங்கு எவ்வளவு, வாடகை முன்பணத் தகராறு யாரிடம் போகும், விவாகரத்தில் பிள்ளை யாரிடம் வளரும் என்பதையெல்லாம் தீர்மானிப்பவர்கள் அந்தக் கீழ்ப்பாதியில் இருப்பவர்களே. அதைச் சரியாக நிரப்பும் வேலையில் முக்கால் பங்கு வாக்குச்சாவடிக்குப் போகும் முன்பே வீட்டு மேசையில் முடிந்துவிட வேண்டும். கீழே உள்ள வரிசை முக்கியம். ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் பெரும்பாலும் அடுத்த படியில் சிக்கல் வரும்.

கையில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை: குடியுரிமைச் சான்றிதழ், டெக்சஸ் ஓட்டுநர் உரிமம், சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி 4 இலக்கம், வாக்காளர் பதிவு அட்டை (வந்திருந்தால்), வெள்ளைத்தாள் ஒன்று, பேனா.

1. குடியுரிமை கிடைத்துவிட்டதா என்பதை முதலில் பாருங்கள்

கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர் எந்தத் தேர்தலிலும் வாக்காளராகப் பதியக்கூடாது. கவுண்டித் தேர்தல் சின்னதுதானே என்ற எண்ணம் வேண்டாம். ஓட்டுநர் உரிமம் எடுக்கவோ புதுப்பிக்கவோ போகும்போது, வாக்காளராகப் பதிவு செய்ய விருப்பமா என்று ஒரு கேள்வி வரும். படிவத்தின் எல்லாக் கட்டங்களிலும் ‘ஆம்’ என்று டிக் அடிக்கும் பழக்கத்தில் அதையும் அடித்துவிட்டால், குடிமகன் என்று பொய் சொன்னதாக ஆகும். அது குற்றம். பின்னால் குடியுரிமை விண்ணப்பமே நின்றுபோகலாம், நாடு கடத்தும் நடவடிக்கை வரை போகலாம்.

உறுதிமொழி விழாவில் சான்றிதழ் கையில் வாங்கிய நாளிலிருந்துதான் நீங்கள் பதியலாம். நேர்காணலில் தேறிவிட்டோம், விழா அடுத்த மாதம் என்ற நிலையில் இருப்பவர் காத்திருக்க வேண்டும்.

2. பதிவுக்கு முன் பழைய அரசுப் பதிவுகளைத் திருத்துங்கள்

பெரும்பாலோர் தவறவிடும் படி இது. நீங்கள் உரிமம் வாங்கிய காலத்தில் கிரீன் கார்டைக் காட்டியிருப்பீர்கள். உரிமம் வழங்கும் டி.பி.எஸ். (பொதுப் பாதுகாப்புத் துறை) அலுவலகத்தின் பதிவேட்டில் நீங்கள் இன்னமும் குடியுரிமை இல்லாதவர்தான். நீங்களே போய்ச் சொல்லாதவரை அது மாறாது.

இதனால் என்ன நடக்கும் என்பதற்கு 2019 சாட்சி. அந்த ஜனவரியில் மாநிலச் செயலாளர் அலுவலகம் டி.பி.எஸ். தரவை வைத்து ஏறத்தாழ 95,000 வாக்காளர்களைச் சந்தேகப் பட்டியலில் சேர்த்தது. உரிமம் வாங்கிய பிறகு முறைப்படி குடியுரிமை பெற்றவர்கள் அதில் ஏராளமாக மாட்டிக்கொண்டார்கள். வழக்குகள் வந்து, அந்த ஏப்ரலில் பட்டியல் கைவிடப்பட்டது.

ஆகவே சான்றிதழோடு முதலில் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம், அடுத்து டி.பி.எஸ். குடியுரிமை பெறும்போது பெயரை மாற்றியிருந்தால் இந்த வரிசை கட்டாயம், ஏனென்றால் டி.பி.எஸ். உங்கள் பெயரை சோஷியல் செக்யூரிட்டி பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கும். குடியுரிமைக்கு ஆதாரம் கேட்டு வாக்காளர் பதிவாளரிடமிருந்து எப்போதாவது கடிதம் வந்தால் தூக்கிப் போடாதீர்கள். 30 நாளுக்குள் பதில் போகாவிட்டால் பெயர் நீக்கப்படும்.

3. பதிவுப் படிவம்: தாள், கையெழுத்து, 30 நாள்

டெக்சஸில் இணையத்திலேயே பதிவை முடிக்கும் வசதி பொதுவாகக் கிடையாது. உரிமத்தை இணையத்தில் புதுப்பிக்கும்போது மட்டும் அதனோடு சேர்த்துச் செய்யலாம். மற்றவர்கள் படிவத்தை அச்செடுத்து, மையால் கையெழுத்திட்டு, கவுண்டியின் வாக்காளர் பதிவாளருக்கு அஞ்சலில் அனுப்ப வேண்டும். இணையத்தில் விவரங்களைத் தட்டச்சு செய்துவிட்டு, ‘பதிந்தாயிற்று’ என்று நினைத்து அச்செடுக்காமல் மூடிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அந்தப் பக்கம் படிவத்தை நிரப்பித் தருகிறது, அவ்வளவுதான். எங்கும் அனுப்பி வைப்பதில்லை.

கோயில், தமிழ்ச் சங்க விழாக்களில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் தன்னார்வப் பதிவாளரிடம் கொடுப்பதாக இருந்தால், அவர் உங்கள் கவுண்டியில் நியமனம் பெற்றவரா என்று கேளுங்கள். கொடுத்ததும் ரசீது வாங்குங்கள்.

கடைசி நாள், தேர்தலுக்கு 30 நாள் முன்பு. அது விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலைநாள். 2026 நவம்பர் 3 தேர்தலுக்கு அக்டோபர் 5 திங்கள்.

படிவத்தில் உரிம எண் கேட்பார்கள், அது இல்லாவிட்டால் சோஷியல் செக்யூரிட்டியின் கடைசி 4 இலக்கம். இரண்டும் இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். ஏன் என்பது 9-ஆம் படியில் தெரியும்.

பெயர் விஷயம் நம்மவர்களுக்கே உரிய தலைவலி. இனிஷியல், அப்பா பெயர், சேர்த்தும் பிரித்தும் எழுதுவது என்று ஒரே ஆள் நாலு விதமாக இருப்போம். உரிமத்தில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்து, அதே இடைவெளி, அதே முதல் பெயர் - கடைசிப் பெயர் வரிசையில் படிவத்திலும் எழுதுங்கள். ‘செந்தில்குமார் கந்தசாமி’ என்று உரிமத்தில் இருக்க, படிவத்தில் ‘செந்தில் குமார் கே.’ என்று எழுதினால் வாக்குச்சாவடியில் பத்து நிமிடம் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

4. பதிவு அட்டையில் உள்ள எண்களைப் படியுங்கள்

சில வாரங்களில் அஞ்சலட்டை அளவில் ஓர் அட்டை வரும். பெயரும் முகவரியும் சரியா என்று பார்த்துவிட்டு டிராயரில் போட்டுவிடுகிறோம். அதில் சிறிய கட்டங்களில் சில எண்கள் இருக்கும்: வாக்களிக்கும் பிரிசிங்க்ட் (வட்டாரம்), காங்கிரஸ் தொகுதி, மாநில மேலவை, மாநிலக் கீழவை, கமிஷனர் பிரிசிங்க்ட், ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் பிரிசிங்க்ட். வாக்குச்சீட்டின் கீழ்ப்பாதியைத் திறக்கும் சாவி கடைசி இரண்டும்தான். ‘பிரிசிங்க்ட்’ என்ற ஒரே சொல் மூன்று வெவ்வேறு எல்லைகளைக் குறிப்பதால் குழப்பம் வரும். உங்கள் கமிஷனர் பிரிசிங்க்ட் 3 ஆகவும் ஜே.பி. பிரிசிங்க்ட் 1 ஆகவும் இருக்கலாம்.

இன்னொன்று. அஞ்சல் முகவரியில் ஹூஸ்டன் என்றோ கேட்டி என்றோ இருப்பதால் நீங்கள் அந்த நகர எல்லைக்குள் இருக்கிறீர்கள் என்று ஆகாது. ஃபோர்ட் பெண்ட், ஹாரிஸ் கவுண்டிகளின் பல குடியிருப்புகள் எந்த நகராட்சிக்கும் உட்படாதவை. அங்கே மேயர் கிடையாது. கவுண்டிதான் உங்கள் உள்ளாட்சி. சாலைக்குக் கமிஷனர், காவலுக்கு ஷெரிஃப்.

5. எந்தப் பதவி எந்த ஆண்டில், என்ன வேலைக்கு

எல்லாப் பதவியும் எல்லாத் தேர்தலிலும் வராது. கவுண்டிப் பதவிகள் 4 ஆண்டுக் காலம் கொண்டவை. பாதி ஆளுநர் தேர்தல் ஆண்டில் (2022, 2026) வரும், மீதி குடியரசுத் தலைவர் தேர்தல் ஆண்டில் (2024, 2028) வரும். 2026 சீட்டில் ஷெரிஃப் பெயரைத் தேடிக் கொண்டிருப்பது வீண் வேலை. யாராவது இடையில் விலகியோ இறந்தோ இருந்தால் மட்டும் மீதிக் காலத்துக்கான தேர்தல் முறை தப்பி வரும்.

ஆளுநர் ஆண்டில் வருபவர்கள்:

கவுண்டி ஜட்ஜ். பெயரில் நீதிபதி இருந்தாலும் பெரிய கவுண்டிகளில் இவர் நிர்வாகத் தலைவர். நான்கு கமிஷனர்களோடு சேர்ந்து ‘கமிஷனர்ஸ் கோர்ட்’ என்ற சபையை நடத்துவார். பட்ஜெட்டும் கவுண்டி வரி விகிதமும் அங்கேதான் முடிவாகின்றன. அதுவும் நீதிமன்றம் இல்லை. புயல், வெள்ளக் காலத்தில் அவசரகால நிர்வாகத்தின் பொறுப்பும் கவுண்டி ஜட்ஜிடமே. இவர் வழக்கறிஞராக இருக்க வேண்டியதில்லை. சிறிய கவுண்டிகளில் உண்மையிலேயே சில வழக்குகளையும் விசாரிப்பார்.

பிரிசிங்க்ட் 2, 4 கமிஷனர்கள், கவுண்டி கிளர்க் (நிலப் பத்திரம், திருமணப் பதிவு), டிஸ்ட்ரிக்ட் கிளர்க் (மாவட்ட நீதிமன்ற ஆவணங்கள்), பொருளாளர், கவுண்டி கோர்ட் அட் லா நீதிபதிகள், பெரிய கவுண்டிகளில் புரோபேட் நீதிபதிகள்.

குடியரசுத் தலைவர் ஆண்டில் ஷெரிஃப், வரி வசூல் அதிகாரி, கான்ஸ்டபிள், பிரிசிங்க்ட் 1, 3 கமிஷனர்கள். வரி வசூல் அதிகாரி உங்கள் வீட்டின் மதிப்பை நிர்ணயிப்பவர் அல்லர். அது அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் என்ற தனி அமைப்பின் வேலை. வீட்டு மதிப்பு ஏறிவிட்டது என்ற கோபத்தை இவர்மேல் காட்டிப் பயனில்லை.

மாவட்ட நீதிபதிகள் இரண்டு வகை ஆண்டிலும் பிரிந்து வருவார்கள். டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி பதவியும் ஜே.பி. பதவியும் கவுண்டிக்குக் கவுண்டி மாறும்.

இனி நீதிமன்றங்கள். இங்கேதான் நிதானம் வேண்டும், ஏனென்றால் ‘நீதிபதி’ என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு விதமான வேலை இருக்கிறது.

ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ்: 20,000 டாலர் வரையிலான பண வழக்குகள், வாடகைவீட்டைக் காலி செய்யும் வழக்குகள், அபராதம் மட்டுமே விதிக்கும் சிறு குற்றங்கள். முன்பணத்தைத் திருப்பித் தராத அபார்ட்மெண்ட், வேலையைப் பாதியில் விட்ட ஒப்பந்தக்காரர் எல்லாம் இவரிடம். சட்டம் படித்திருக்க வேண்டும் என்ற விதி இல்லை. பதவிக்கு வந்த முதல் ஆண்டில் 80 மணி நேரப் பயிற்சி எடுக்க வேண்டும். ஒரு சாதாரணக் குடும்பம் வாழ்நாளில் ஏறும் ஒரே நீதிமன்றம் பெரும்பாலும் இதுதான். சீட்டின் கடைசியில் இருப்பதால் மிகக் குறைவாக ஆராயப்படுவதும் இதுதான்.

கவுண்டி கோர்ட் அட் லா: முதல் முறை குடித்துவிட்டு வண்டி ஓட்டியது போன்ற நடுத்தரக் குற்றங்கள், நடுத்தர சிவில் வழக்குகள், ஜே.பி. தீர்ப்பின் மேல்முறையீடு.

புரோபேட்: உயில், சொத்துப் பிரிவினை, காப்பாளர் நியமனம். சிறப்புத் தேவையுள்ள பிள்ளை 18 வயதை எட்டும்போது, காப்பாளர் பொறுப்பு தேவைப்படும் பெற்றோர் இந்த நீதிபதியின் முன்தான் நிற்பார்கள்.

மாவட்ட நீதிமன்றம்: பெருங்குற்றங்கள், பெரிய சிவில் வழக்குகள், விவாகரத்து, பிள்ளை யாரிடம் என்ற வழக்கு. எண்ணைப் பார்த்து எந்த வகை என்று சொல்ல முடியாது. ஹாரிஸ் கவுண்டியில் 189-ஆம் நீதிமன்றம் சிவில், 182-ஆவது குற்றவியல், 245-ஆவது குடும்பம். சீட்டில் மூன்றுமே ‘மாவட்ட நீதிபதி’ என்றுதான் அச்சாகியிருக்கும். எண் எந்த வகையைச் சேர்ந்தது என்பதைக் கவுண்டியின் நீதிமன்றப் பக்கத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வேட்பாளரின் அனுபவம் அந்த வகைக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க இது இல்லாமல் முடியாது.

6. மார்ச்சைத் தவறவிடாதீர்கள்

டெக்சஸில் பிரைமரி தேர்தல் (நவம்பருக்குத் தன் வேட்பாளர் யார் என்று ஒவ்வொரு கட்சியும் தேர்ந்தெடுப்பது), இரட்டைப்படை ஆண்டின் மார்ச் முதல் செவ்வாய். நவம்பருக்கு மட்டும் தயாராகிறவர்கள் பல பதவிகளில் ஒரே ஒரு பெயரைத்தான் பார்ப்பார்கள். ஒரு கட்சி வலுவாக உள்ள கவுண்டியில் மற்றக் கட்சி ஆளையே நிறுத்தாமல் விடுவதுண்டு. அங்கே உண்மையான போட்டி மார்ச்சில், அதே கட்சிக்குள் முடிந்துபோயிருக்கும்.

பதிவில் கட்சி கேட்க மாட்டார்கள். வாக்குச்சாவடியில் எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று கேட்பார்கள், ஒன்றைச் சொல்ல வேண்டும். பக்கத்தில் நிற்பவர்கள் காதில் விழுமே என்று கூச்சப்பட வேண்டாம், எல்லாரிடமும் கேட்கும் கேள்விதான். சொன்னதும் அந்த ஆண்டுக்கு மட்டும் அந்தக் கட்சியைச் சேர்ந்தவராகக் கணக்கு. நவம்பரில் யாருக்கு வேண்டுமானாலும் போடலாம்.

எந்தக் கட்சியின் பிரைமரி என்று தீர்மானிக்க, இரண்டு கட்சிகளின் மாதிரிச் சீட்டையும் அருகருகே வைத்து, கவுண்டிப் பதவிகளில் எங்கே உண்மையான போட்டி இருக்கிறது என்று பாருங்கள். மேலே உள்ள பெரிய பெயர்களை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் உள்ளூர்ப் போட்டியில் உங்கள் குரல் இல்லாமல் போகும்.

பிரைமரியில் பாதிக்கு மேல் யாருக்கும் கிடைக்காவிட்டால் முதல் இருவருக்கும் மே மாதம் நான்காவது செவ்வாயில் ரன்ஆஃப். மார்ச்சில் ஒரு கட்சியில் வாக்களித்தவர் மே மாதம் மற்றக் கட்சிக்குத் தாவ முடியாது. மார்ச்சில் போகவே இல்லை என்றால் இரண்டில் எதையும் எடுக்கலாம். மே ரன்ஆஃபில் கூட்டம் மிகக் குறைவு. பத்துக் குடும்பங்கள் சேர்ந்து போனாலே ஒரு ஜே.பி. போட்டியில் எடை தெரியும்.

பிரைமரியை நடத்துவது கட்சிகள். அதனால் தேர்தல் நாளன்று இரண்டு கட்சிகளின் வாக்குச்சாவடிகளும் ஒரே இடத்தில் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

7. மாதிரிச் சீட்டை எடுத்துக் கீழிருந்து மேலே நிரப்புங்கள்

தேர்தலுக்குச் சில வாரம் முன்பு கவுண்டியின் தேர்தல் இணையதளத்தில் உங்கள் பெயரும் பிறந்த நாளும் கொடுத்தால், உங்கள் வீட்டுக்கு உரிய மாதிரிச் சீட்டே வரும். நண்பர் வாட்ஸப்பில் அனுப்பியதை நம்பாதீர்கள். இரண்டு தெரு தள்ளி இருப்பவருக்கு வேறு கமிஷனர், வேறு ஜே.பி. இருக்கலாம்.

அச்செடுத்ததும் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். மேலிருந்து தொடங்கினால் செனட்டர், ஆளுநர் பற்றிப் படிப்பதிலேயே அரைநாள் போய்விடும். அவர்களைப் பற்றி ஏற்கெனவே தெரியும். தெரியாதவர்கள் கீழே இருக்கிறார்கள்.

முன்பு ஒரு கட்சிக்கு ஒரே தொடலில் எல்லா வாக்கையும் போடும் வசதி இருந்தது. 2020 செப்டம்பர் 1 முதல் அது இல்லை. ஒவ்வொரு பதவியாகத்தான் தொட வேண்டும். ஹாரிஸ் போன்ற கவுண்டியில் நீதிபதிப் போட்டிகள் மட்டுமே டஜன் கணக்கில் வரும், அதனால் குறிப்பில்லாமல் போகக்கூடாது.

8. நீதிபதி வேட்பாளரை ஆராயும் வரிசை

ஒரு பெயருக்கு ஐந்து நிமிடம் போதும், கீழே உள்ள வரிசையில் போனால்.

முதலில் ஸ்டேட் பார் ஆஃப் டெக்சஸ் தளம். பெயரைத் தட்டினால் உரிமம் பெற்ற ஆண்டு, எந்தத் துறை வழக்கறிஞர், பொது ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது உண்டா என்பது தெரியும். மாவட்ட நீதிபதிக்கான குறைந்தபட்ச அனுபவம் 8 ஆண்டுகள். 2021 நவம்பரில் வாக்காளர்கள் ஏற்ற திருத்தம் அதை 4-இலிருந்து உயர்த்தியது. குறைந்தபட்சத்தை எட்டுவது தகுதி ஆகிவிடாது. குடும்ப நீதிமன்றத்துக்கு நிற்பவர் வாழ்நாள் முழுவதும் காப்பீட்டு வழக்குகளையே நடத்தியிருந்தால் அதை எடைபோட வேண்டும்.

ஏற்கெனவே நீதிபதியாக இருப்பவர் என்றால், நீதிபதிகளின் நடத்தையைக் கவனிக்கும் மாநில ஆணையத்தின் பொதுக் கண்டனப் பட்டியலைப் பாருங்கள்.

மூன்றாவதாக, உள்ளூர் வழக்கறிஞர் சங்கங்களின் மதிப்பீடு. ஹூஸ்டன், டாலஸ் சங்கங்கள் உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்டு வெளியிடுகின்றன. அங்கே தினமும் நிற்பவர்களின் கருத்து என்பதால் மதிப்பு உண்டு. எவ்வளவு பேர் பதிலளித்தார்கள் என்ற எண்ணையும் பாருங்கள். ஒரு பெயருக்கு மிகச் சிலரே பதில் தந்திருந்தால் அந்த விழுக்காட்டை நம்பிப் பயனில்லை.

நான்காவது, பணம். மாவட்ட நீதிபதி வேட்பாளர்களின் நன்கொடைக் கணக்கு டெக்சஸ் எதிக்ஸ் கமிஷனில் இருக்கும். கவுண்டிப் பதவிகளின் கணக்கு கவுண்டியிலேயே. ஜனவரி 15, ஜூலை 15, தேர்தலுக்கு 30 நாள், 8 நாள் முன்பு என்று கணக்குத் தாக்கல் ஆகும். அந்த நீதிமன்றத்திலேயே வழக்கு நடத்தும் நிறுவனங்கள் யார் யாருக்குக் கொடுக்கின்றன என்று பார்த்தால் போதும்.

வேட்பாளரை நேரில் சந்திக்க வாய்ப்புக் கிடைத்தால், ‘இந்த மாதிரி வழக்கில் என்ன தீர்ப்புச் சொல்வீர்கள்?’ என்று கேட்காதீர்கள். நடத்தை விதிப்படி அதற்கு அவர் வாக்குறுதி தரக்கூடாது. தேங்கிய வழக்குகளை எப்படிக் குறைப்பார், ஆங்கிலம் தெரியாதவருக்கு மொழிபெயர்ப்பாளர் ஏற்பாட்டை எப்படிச் செய்கிறார், வழக்கறிஞர் இல்லாமல் தனியாக வருபவரிடம் எப்படி நடந்துகொள்வார் என்று கேளுங்கள். பதிலில் ஆள் தெரிந்துவிடும்.

கட்சியைப் பார்த்தே போடுவேன் என்பது உங்கள் உரிமை. ஆனால் ஒரு கவுண்டியில் காற்று ஒரு பக்கம் வீசும்போது, நல்ல நீதிபதி மோசமான நீதிபதி என்று பாராமல் எல்லாரையும் சேர்த்தே அடித்துக்கொண்டு போகும். 2018 நவம்பரில் ஹாரிஸில், கவுண்டி முழுவதும் வாக்களிக்கும் நீதிபதிப் போட்டிகள் அத்தனையையும் ஒரே கட்சி வென்றது. கட்சிக்குப் போடுபவரும் இந்த ஐந்து நிமிடத்தைச் செலவழித்துவிட்டுப் போடட்டும். பிரைமரியிலோ எல்லாரும் ஒரே கட்சி என்பதால் ஆராய்வதைத் தவிர வழியே இல்லை.

9. அப்பா அம்மாவுக்கு: உதவியாளர், தபால் வாக்கு, ஊருக்குப் போயிருந்தால்

வயது, வசித்த காலம் காரணமாகத் தமிழிலேயே குடிமைத் தேர்வு எழுதிக் குடியுரிமை பெற்ற பெற்றோர் பலர் உண்டு. வாக்குச்சீட்டு தமிழில் வராது. ஹாரிஸில்கூட ஸ்பானிஷ், வியட்நாமிய, சீன மொழிகள்தான் ஆங்கிலத்தோடு வரும். ஆங்கிலம் படிக்கத் தெரியாத வாக்காளர் தாம் விரும்பும் ஒருவரை உடன் அழைத்துப் போகலாம். அது கூட்டாட்சிச் சட்டம் தரும் உரிமை. மகன், மகள், பக்கத்து வீட்டுக்காரர் யாராக இருந்தாலும் சரி. முதலாளியோ தொழிற்சங்க நிர்வாகியோ மட்டும் கூடாது. 2014-இல் வில்லியம்சன் கவுண்டியில் ஓர் இந்தியத் தாய்க்கு உதவப் போன மகனை, அவர் வேறு கவுண்டி வாக்காளர் என்று சொல்லி மறுத்தார்கள். 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாடு செல்லாது என்றது.

உதவியாளர் படிவத்தில் பெயர், முகவரி, உறவு எழுதி உறுதிமொழி எடுக்க வேண்டும். அங்கே அம்மா சொல்வதைத் தொடுவதுதான் உங்கள் வேலை. ‘இவருக்குப் போடும்மா’ என்று உள்ளே சொல்வது சட்ட மீறல். பேச வேண்டியதை வீட்டிலேயே பேசி, அம்மாவின் குறிப்பைத் தமிழில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

65 வயது நிறைந்தவர் தபால் வாக்குக் கேட்கலாம். விண்ணப்பம் தேர்தலுக்கு 11 நாள் முன்பே அவர்கள் கையில் சேர வேண்டும், அஞ்சல் முத்திரைத் தேதி கணக்கில் வராது. ஓராண்டுக்கு ஒரே விண்ணப்பம் போதும், அடுத்த ஜனவரியில் மறுபடி போட வேண்டும். பிரைமரிச் சீட்டு வேண்டுமானால் கட்சியையும் டிக் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அது வராது.

திரும்ப அனுப்பும் உறையின் மடிப்புக்கு அடியில் உரிம எண் அல்லது சோஷியல் செக்யூரிட்டியின் கடைசி 4 இலக்கம் எழுதும் கட்டம் இருக்கும். உறையை ஒட்டிவிட்டால் அந்தக் கட்டம் கண்ணில் படாது. இந்த விதி புதிதாக வந்த 2022 மார்ச் பிரைமரியில், தபால் வாக்குகளில் சுமார் 12 விழுக்காடு நிராகரிக்கப்பட்டது. பதிவில் உரிம எண் மட்டும் இருந்து, உறையில் சோஷியல் செக்யூரிட்டி எண் மட்டும் எழுதினால் பொருந்தாது. அதனால்தான் பதிவிலேயே இரண்டையும் எழுதச் சொன்னது. உறையிலும் இரண்டையும் எழுதிவிடுங்கள்.

ஆறு மாதம் சென்னையிலோ மதுரையிலோ இருக்கப் போகிறவர், வெளிநாட்டில் உள்ள குடிமக்களுக்கான கூட்டாட்சி அஞ்சலட்டை விண்ணப்பத்தைப் போட வேண்டும். அதில் ‘திரும்பி வர எண்ணம் உண்டு’ என்ற கட்டத்தையே தேர்ந்தெடுங்கள். ‘எப்போது திரும்புவேன் என்று தெரியாது’ என்பதைத் தொட்டால் கூட்டாட்சிப் பதவிகள் மட்டும் உள்ள சீட்டு வரும். கவுண்டியும் நீதிபதிகளும் அதில் இருக்கமாட்டார்கள்.

10. வாக்குச்சாவடிக்குக் கொண்டுபோக வேண்டியது

குறிப்புத் தாள். கைப்பேசியில் வேண்டாம். வாக்களிக்கும் இடத்திலிருந்து 100 அடிக்குள் கைப்பேசியைப் பயன்படுத்தக்கூடாது. படம் எடுத்து வைத்திருக்கிறேன், பார்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்று வருபவர்கள் உள்ளே வெறுங்கையோடு நிற்கிறார்கள். மாதிரிச் சீட்டு அச்சையே மடித்து எடுத்துப் போகலாம். வேட்பாளர் பெயர் போட்ட டி-ஷர்ட், பேட்ஜ் சாவடிக் கட்டட வாசலிலிருந்து 100 அடிக்குள் கூடாது.

புகைப்பட அடையாளம். டெக்சஸ் உரிமம், டெக்சஸ் அடையாள அட்டை, பாஸ்போர்ட், படம் உள்ள குடியுரிமைச் சான்றிதழ் எதுவும் சரி. 18 முதல் 69 வயது வரை காலாவதியாகி 4 ஆண்டு வரை ஏற்பார்கள். 70-க்கு மேல் எவ்வளவு பழையதானாலும் ஏற்பார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டோ ஓ.சி.ஐ. அட்டையோ செல்லாது. உரிமத்தில் பழைய முகவரி இருப்பது தடையில்லை.

பெயர் சற்று வேறுபட்டால் பதற வேண்டாம். இனிஷியலாக இருப்பது, முதல் பெயரும் கடைசிப் பெயரும் இடம் மாறியிருப்பது எல்லாம் ‘கணிசமாக ஒத்த பெயர்’ என்ற விதிக்குள் வரும். இரண்டும் நீங்களே என்று ஒரு கட்டத்தில் சுருக்கொப்பம் இட்டால் வழக்கமான சீட்டே கிடைக்கும். அடையாளமே எடுத்து வராவிட்டால் தற்காலிக வாக்குப் போட்டுவிட்டு, 6 நாளுக்குள் பதிவாளர் அலுவலகத்தில் அடையாளம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அது எண்ணப்படாது.

11. உள்ளே

முன்கூட்டிய வாக்களிப்பு நாட்களில் கவுண்டிக்குள் எந்த மையத்துக்கும் போகலாம். 2026 நவம்பர் தேர்தலுக்கு அது அக்டோபர் 19 முதல் 30 வரை. முதல் வாரத்தின் நடுநாட்கள் பரவாயில்லை, கடைசி வெள்ளி நெரிசல். தேர்தல் நாளன்று காலை 7 முதல் மாலை 7 வரை. சில கவுண்டிகளில் அன்று உங்கள் பிரிசிங்க்ட் சாவடி மட்டுமே செல்லும். 7 மணிக்கு வரிசையில் நின்றிருந்தால் வாக்களிக்காமல் அனுப்ப முடியாது.

திரையில் உள்ள முதல் பதவிகளை முடித்ததும் ‘முடிந்தது’ என்று நினைத்துக் கடைசிப் பக்கத்துக்குத் தாவிவிடாதீர்கள். குறிப்புத் தாளில் உள்ள ஒவ்வொரு பதவியையும் திரையில் பார்த்தபின் டிக் அடியுங்கள். தெரியாத போட்டியை வெற்றாக விடலாம். மற்ற வாக்குகள் அதனால் செல்லாமல் போகாது.

பல கவுண்டிகளில் திரையில் தொட்டதும் வேலை முடிவதில்லை. இயந்திரம் ஒரு தாளை அச்சிடும். அதில் உள்ள பெயர்களை உங்கள் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்து, தவறிருந்தால் அப்போதே அலுவலரிடம் சொல்லி வேறு சீட்டு வாங்குங்கள். சரியென்றால் அதை நீங்களே ஸ்கேனரில் செலுத்த வேண்டும். அந்தத் தாளை ரசீது என்று நினைத்துப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனால் உங்கள் வாக்கு எண்ணப்படவே இல்லை. ஸ்கேனர் திரையில் ஏற்கப்பட்ட அறிவிப்பு வரும்வரை நகராதீர்கள்.

12. வீடு மாறினால்

அதே கவுண்டிக்குள் என்றால் முகவரியை உடனே திருத்துங்கள். ஒரு மைல் தள்ளிப் போனாலும் கமிஷனரும் ஜே.பி.யும் மாறியிருக்கலாம், பழைய சீட்டில் உங்களுக்குச் சம்பந்தமில்லாதவர்கள் பெயர் இருக்கும். ஃபோர்ட் பெண்டிலிருந்து ஹாரிஸ், காலினிலிருந்து டென்டன் என்று கவுண்டி மாறினால் திருத்தம் போதாது. 3-ஆம் படியிலிருந்து புதிதாகப் பதிய வேண்டும், அதே 30 நாள் கெடுவோடு. புது அட்டை வந்ததும் கமிஷனர், ஜே.பி. எண்களை முதலில் பாருங்கள்.